மார்க்கபந்து: விரிஞ்சிபுரத்து வழியும் படைவீட்டு இடிபாடுகளும்

வேலூருக்கு மேற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் தென்கரையில் விரிஞ்சிபுரம் உள்ளது. விரிஞ்சன் என்பது பிரமனின் பெயர். இவ்வூர்ச் சிவபெருமானுக்கு வழித்துணைநாதர் என்றும் மார்க்கபந்து என்றும் திருநாமங்கள் வழங்குகின்றன. மிளகுப் பொதிகளுடன் மேற்கிலிருந்து காஞ்சிக்குப் புறப்பட்ட வணிகன் ஒருவன், கள்வருக்கு அஞ்சி இக்கோயிலில் தங்கி இறைவனைத் துணைக்கு வேண்டினான் என்றும், அவரே வீரன் ஒருவனாக உடன்வந்து அவனையும் பொருளையும் காத்தார் என்றும் தலவரலாறு கூறும். மதிலழகுக்குப் பெயர்பெற்ற இக்கோயிலில் சிங்கமுகம் வாய்த்த தீர்த்தக் கிணறும், கதிரவனின் நிழல்கொண்டு பொழுதறியும் கல்லும் இன்றும் உள்ளன. வழிப்போக்கனுக்கு வேண்டியவை தண்ணீரும் பொழுதறிவும் துணையும் ஆகும். அம்மூன்றும் ஒரு மதிலுக்குள் அமைந்திருப்பதே இவ்வூர் ஒரு பெருவழியின் மேல் வளர்ந்தது என்பதற்குப் போதிய அடையாளம்.

மார்க்கபந்து என்னும் இச்சொல் ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் பழகியவர்க்குப் புதிதன்று. பிள்ளைலோகாசார்யரின் திருத்தம்பியாரான அழகிய மணவாளப்பெருமாள் நாயனார், தாம் அருளிச்செய்த ஆசார்யஹ்ருதயத்தில் ஒவ்வொரு திவ்யதேசத்து எம்பெருமானுக்கும் உரிய சிறப்பான குணத்தை வகுத்துக் காட்டுமிடத்தில், திருமோகூர்க் காளமேகப் பெருமாளுக்கு இச்சொல்லையே ஆண்டிருக்கிறார். பாலாற்றங்கரையிலும் வைகைநாட்டிலுமாக ஒரே சொல் இரண்டு ஸந்நிதிகளில் வழங்குவது தற்செயலான ஒற்றுமையாகத் தோன்றலாம். ஆயினும் பதினான்காம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, இவ்விரண்டு இடங்களும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகளாக நிற்பது புலனாகும். திருமோகூரின் பக்கத்தில் அரங்கனின் துணைவர் ஒருவர் வழியிலேயே திருமேனி நீத்தார். விரிஞ்சிபுரத்தின் பக்கத்தில் அரங்கன் மீண்டு எழுந்தருளுவதற்கான வழி திறந்தது. இரண்டாவது முனைக்கு எஞ்சிய சாட்சியாக நிற்பது, விரிஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே மலையடிவாரத்தில் பாழ்பட்டுக் கிடந்த படைவீடு என்னும் பழைய நகரம்.

வழித்துணை என்னும் பொருள்

நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஒன்பதாம் பத்தைத் திருக்கண்ணபுரத்தில் முடிக்கிறார். சரீரம் விழும் அளவில் பேறு தப்பாது என்னும் துணிவு அங்கே பிறக்கிறது. அடுத்த பத்தின் தொடக்கம் திருமோகூர். போவது உறுதியான பின், போகும் வழிக்குத் துணை தேட வேண்டியதாகிறது. வழியில் இடையூறு செய்வார் பலர். ஆகவே ஆப்தனான காளமேகத்தை ஆழ்வார் வழித்துணையாகப் பற்றுகிறார் என்பது பூர்வாசார்யர்கள் இத்திருவாய்மொழிக்குக் கண்ட கருத்து. அப்பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் அர்ச்சிராதி மார்க்கம் விரிகிறது. ஒளி, பகல், வளர்பிறை எனத் தொடங்கும் ஆதிவாஹிகர்கள் ஒவ்வொருவரும் தம் எல்லைவரை ஆத்மாவை உபசரித்து அழைத்துச் சென்று, அடுத்தவரிடம் ஒப்புவிக்கின்றனர்.

இவ்வர்ணனையைக் கேட்ட அக்காலத்து மக்களுக்கு இது வானுலகச் செய்தியாக மட்டும் பட்டிருக்காது. ஒரு நாட்டின் எல்லையில் ஒருவர் கைவிட, மறுநாட்டின் எல்லையில் வேறொருவர் காவல் ஏற்பதே நிலவுலகத்துப் பெருவழிகளிலும் நடைமுறையாக இருந்தது. காவல் அற்ற இடைவெளியில் வழிபறி நிகழும். சுமையோடு செல்பவனுக்கு அச்சம் மிகுதி; துணையோடு செல்பவனுக்கு அது குறைவு. நாயனார் துணையோடு குளிர்ச்சியையும் சேர்த்துக் கூறுவதன் நயம் இங்கேதான் விளங்கும். வெயிலில் நடந்து இளைத்தவனுக்கு நீர்நிறைந்த மடுவைப் போலத் திருமோகூர் எம்பெருமான் அமைகிறான் என்பது அவர் திருவுள்ளம். மதுரையிலிருந்து வடகிழக்கே யானைமலையை ஒட்டிச் செல்லும் வழியில் திருமோகூர் உள்ளது. சங்க நூல்கள் பழையன் என்னும் தலைவனுக்குரிய ஊராகக் கூறும் மோகூர் இதுவே என்பர். வழியின் மேலுள்ள ஊரில் வழித்துணையான பெருமானைக் கண்டது ஆழ்வாரின் அனுபவம். அதனைச் சொல்லாக வடித்தது ஆசார்யர்களின் வ்யாக்யானம்.

பாலாற்றுப் பெருவழி

பாலாறு நந்திமலையில் தோன்றிக் கன்னட நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் ஓடித் தமிழகத்தில் புகுந்து, 348 கிலோமீட்டர் நீளம் கடந்து வங்கக் கடலில் சேர்கிறது. மேட்டுநிலத்துக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடையே மலைத்தொடர்கள் குறுக்கிட, அவற்றை ஊடறுத்து ஆறு வகுத்த பள்ளத்தாக்கே மனிதர்க்கும் பொதிமாடுகளுக்கும் வழியாயிற்று. முளுவாய் எனப்பட்ட முளுபாகலிலிருந்து இறங்கினால் பாலாற்றை அடையலாம். ஆற்றை ஒட்டிக் கிழக்கே நடந்தால் பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு ஆகியவற்றைக் கடந்து காஞ்சியை அடையலாம்.

பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். பிரமன் காஞ்சியில் செய்த வேள்வியை அழிக்க ஸரஸ்வதி வேகவதியாய்ப் பெருகி வர, எம்பெருமான் குறுக்கே சயனித்து அதனைத் தடுத்தான் என்னும் வரலாறு திருவெஃகாவுக்கு உரியது. வேதாந்த தேசிகன் வேகாசேது ஸ்தோத்ரத்தில் போற்றியதும் அந்த அணையையே. அவ்வெள்ளத்தைத் தடுக்க எம்பெருமான் முதலில் சயனித்த இடம் பள்ளிகொண்டா என்றும், பிறகு திருப்பாற்கடலிலும் திருவெஃகாவிலும் சயனித்தான் என்றும் இப்பகுதியினர் கூறுவர். பிரமனின் பெயர் தாங்கிய விரிஞ்சிபுரமும், பிரமனின் வேள்வியைக் காத்த அரங்கனின் பள்ளிகொண்டாவும், அவ்வேள்வி நிகழ்ந்த அத்திகிரியும் ஒரே ஆற்றுவழியில் கோத்த மணிகளாக நிற்கின்றன. ஒரு புராணம் பரவுவதற்கும் வழி வேண்டும். காஞ்சியின் கதை மேற்கே நடந்து வந்த பாதை இதுவே.

வழி என்பது வணிகருக்கு மட்டும் உரியதன்று. படைகளும் அதனையே தேடும். 1749-இல் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டதும் இப்பள்ளத்தாக்கில்தான். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி இடப்பட்டபோதும், பின்னர் அது மேற்கே நீண்டபோதும், பழைய பாதையே அதற்கு வழிகாட்டியது. இன்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் தொழில் நிறைந்திருக்கும் நெடுஞ்சாலையும் அப்பெருவழியின் வழித்தோன்றலே.

மண்ணில் புதைந்த படைவீடு

இப்பெருவழியிலிருந்து தெற்கே பிரிந்து திருவண்ணாமலையையும் செஞ்சியையும் நோக்கிச் செல்லும் பாதையின் மேற்புறத்தில், சவ்வாது மலையடிவாரத்தில் படைவீடு உள்ளது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூரான இதுவே சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்தது. சோழப் பேரரசின் கீழ்க் குறுநிலத் தலைவர்களாக இருந்த சம்புவராயர்கள், சோழர் தளர்ந்த பின் தொண்டைமண்டலத்தில் தன்னாட்சி பெற்றனர். படைவீட்டு அம்மையப்பேசுவரர் கோயிலில் ராஜகம்பீர சம்புவராயரின் பெயர் தாங்கிய கல்வெட்டு சக ஆண்டு 1180-ஐ, அதாவது கி.பி. 1258-ஐச் சேர்ந்தது. ஊரை அடுத்த மலைக்கோட்டையும் ராஜகம்பீரன் மலை என்றே பெயர்பெற்றது. பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் வென்றுமண்கொண்டார் என்னும் விருதுப்பெயருடைய சம்புவராயரும், அவருக்குப் பின் ராஜநாராயண சம்புவராயரும் ஆண்டனர்.

ஊரில் சிவன் கோயில்கள் 1008, பெருமாள் கோயில்கள் 108 இருந்தன என்பது வழிவழி வந்த பேச்சு. எண்கள் புனைந்துரையாகலாம், ஆனால் மண்மேடுகளுக்கு அடியிலும் முட்புதர்களுக்கு நடுவிலும் சிதறிக் கிடந்த கோயில்கள் அப்பேச்சுக்கு இடந்தந்தன. கோட்டை மதிலின் எச்சங்களும், மலைமேல் வேணுகோபாலன் ஸந்நிதியும், மற்றொரு குன்றின்மேல் லக்ஷ்மீநரஸிம்ஹன் ஸந்நிதியும், சமநிலத்தில் ராமசந்த்ரன் ஸந்நிதியும் பூசையின்றி நெடுங்காலம் கிடந்தன. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் அவை ஒவ்வொன்றாகச் சீர்செய்யப்பட்டன. ரேணுகாம்பாள் கோயில் ஒன்றே இடைவிடாமல் மக்களை ஈர்த்து வந்தது. ஒரு தலைநகரம் சிற்றூராகச் சுருங்கியபோது அரசர்களின் கோயில்கள் மறக்கப்பட்டன. குடிகளின் தாய்க்கோயில் நிலைத்தது.

அரங்கன் சென்ற வழி

1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, பிள்ளைலோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறும். வழியில் கள்வர் புகுந்து பெருமாளின் திருவாபரணங்களைக் கவர, ஆசார்யர் தம்மிடம் இருந்ததையும் கொடுத்துவிட்டார். முதுமையும் அலைச்சலும் வாட்ட, ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். அவ்வூரை யானைமலையடியில் உள்ள கொடிக்குளமாக ஸம்ப்ரதாயத்தார் அடையாளம் காண்பர். திருமோகூர் அதற்கு அணித்தே உள்ளது.

இந்நிகழ்ச்சியின் கனம் இங்கே உணரத்தக்கது. திருத்தம்பியார் தம் நூலில் மார்க்கபந்து என்று போற்றிய எம்பெருமானின் ஊர்ப்பக்கத்தில், திருத்தமையனார் அரங்கனுக்கே வழித்துணையாகி வந்து விழுந்தார். ஆழ்வார் எம்பெருமானைத் துணையாக வேண்டினார். காலம் திரிந்தபோது எம்பெருமானுக்கு ஆசார்யர் துணையானார். பெரியாழ்வார் தொடங்கிய மங்களாசாஸன நெறி, உயிரைக் கொடுத்துக் காக்கும் அளவுக்கு முதிர்ந்த இடம் அது.

அதே காலத்தில் மற்றொரு சுமையும் வழியில் நடந்தது. ஸுதர்ஸன ஸூரியின் ஸ்ருதப்ரகாசிகைச் சுவடியையும் அவருடைய பிள்ளைகள் இருவரையும் காத்துக்கொண்டு, வேதாந்த தேசிகன் கன்னட நாட்டு ஸத்யாகாலத்தை அடைந்தார். அங்கிருந்து அவர் அருளிச்செய்த அபீதிஸ்தவம், அச்சம் நீங்கித் திருவரங்கம் மீண்டும் பொலிய வேண்டும் என்னும் விண்ணப்பமாகும். மூர்த்தி ஒரு வழியிலும் க்ரந்தம் ஒரு வழியிலுமாக ஸம்ப்ரதாயம் முழுவதும் அன்று நடைவழியில் இருந்தது.

நம்பெருமாள் அழகர்மலையிலும், பின் மேற்குக் கரையில் கோழிக்கோட்டிலும், கன்னட நாட்டுத் திருக்கணாம்பியிலும், அதன்பின் புங்கனூரிலும் தங்கித் திருமலையை அடைந்ததாகக் கோயில் வரலாறுகள் கூறும். புங்கனூர் முளுபாகலுக்கு எட்டும் தொலைவிலுள்ள ஊர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. தமிழகத்தின் தெற்கிலோ 1335 முதல் மதுரையில் தனிச் சுல்தானகம் நிலைபெற்றது. அதனை நேரில் கண்ட மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, படை செல்லும் வழியெங்கும் மரமும் நாணலும் அடர்ந்து கிடந்ததையும், படையிலுள்ள ஒவ்வொருவரும் கோடரி ஏந்திக் காட்டை வெட்டிச் செல்ல ஆணையிடப்பட்டதையும் எழுதிவைத்தார். பழைய வழிகள் காடேறிப்போன நாட்டில் பெருமாள் எப்படித் திரும்ப எழுந்தருள முடியும்?

விரிஞ்சியில் இறங்கிய பாளையம்

விசயநகரத்து புக்கரின் மகன் குமார கம்பணர் முளுபாகலில் இருந்து ஆண்டவர். அவருடைய தேவி கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் என்னும் வடமொழிக் காவியம், கம்பராய சரிதம் எனவும் வழங்கும். சிதைந்த ஏட்டிலிருந்து அது 1924-இல் திருவனந்தபுரத்தில் அச்சாயிற்று. புக்கர் மகனுக்குக் கூறும் அறிவுரையில் வரிசை தெளிவாக உள்ளது: முதலில் சம்பன் எனப்படும் சம்புவராயனை அடக்கிக் காஞ்சியில் நிலைபெற வேண்டும், அதன் பின்னரே மதுரையை நோக்கிச் செல்ல வேண்டும். கம்பணர் படையுடன் புறப்பட்டு, க்ஷீரநதியாகிய பாலாற்றைக் கடந்து, விரிஞ்சி நகரத்தில் பாளையம் இறங்கினார். அங்கிருந்து சம்பனைத் தாக்க, சம்பன் ராஜகம்பீரன் மலைக்கோட்டையில் புகலடைந்தான். கோட்டை முற்றுகையிடப்பட்டது. இறுதியில் வாளேந்தி வெளிப்பட்ட சம்பன், கம்பணரின் கையால் வீழ்ந்தான் என்று காவியம் முடிக்கிறது. இந்நிகழ்ச்சி கி.பி. 1360-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடங்கும்.

பின்னொரு சருக்கத்தில் பெண் ஒருத்தி கம்பணர் முன் தோன்றித் தென்னாட்டுக் கோயில்களின் அழிவை எடுத்துரைக்கிறாள். திருவரங்கத்தில் யோகநித்திரை கொண்ட பெருமானின் உறக்கம் கலையுமே என அஞ்சி, மேலிருந்து உதிரும் செங்கற்களை ஆதிசேஷன் தன் படங்களால் தடுத்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் கூறுவதாகக் கங்காதேவி பாடுகிறார். திருவனந்தாழ்வானின் கைங்கர்யத்தை இதனினும் உருக்கமாகக் காட்டுவது அரிது.

செஞ்சியில் இருந்து ஆண்ட கோபணார்யர் அரங்கனை மீட்டமைத்த செய்தி, திருவரங்கத்துக் கல்வெட்டில் இரண்டு வடமொழிச் சுலோகங்களாக உள்ளது. அஞ்சனாத்ரியாகிய திருமலையிலிருந்து அரங்கனை எழுந்தருளச் செய்து, செஞ்சியில் சிலகாலம் ஆராதித்து, துலுக்கரை வென்று, உபயநாச்சிமாருடன் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்தார் என்பது அதன் சாரம். இச்சுலோகங்களைத் தேசிகன் அருளிச்செய்தவையாக ஸம்ப்ரதாயம் போற்றும். ஆண்டைக் குறிக்கும் எழுத்தெண் சொல் பந்துப்ரியே என்பது. கடபயாதி முறைப்படி பகரம் 3, தகரம் 9, ரகரம் 2, யகரம் 1. வலமிருந்து இடமாகப் படிக்கச் சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371-72. உறவினர்க்கு இனிய ஆண்டு என்று பொருள்படும் அச்சொல்லில் பந்து என்னும் சொல் அமைந்திருப்பது, வழிநெடுக மார்க்கபந்துவைத் தேடிய ஒரு வரலாற்றுக்குப் பொருத்தமான முத்திரை. 1323 முதல் எண்ணினால் அரங்கன் வெளியில் இருந்த காலம் 48 ஆண்டுகள்.

சம்புவராயர்க்குரிய இடம்

இவ்வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் முறையில் கம்பணரும் கோபணரும் ஆசார்யர்களும் இடம்பெறுகின்றனர். சம்புவராயர்கள் வென்று விலக்கப்பட்ட பெயராக மட்டும் வந்து மறைகின்றனர். நிலப்படம் வேறொன்றையும் காட்டுகிறது. திருமலைக்கும் செஞ்சிக்கும் இடையே பாலாறு குறுக்கிடுகிறது. எவ்வழியில் வந்தாலும் நம்பெருமாள் அவ்வாற்றைக் கடந்தே எழுந்தருளியிருக்க வேண்டும். அவ்வாற்று நாடு சம்புவராயர்களின் நாடு. அது விசயநகரத்தின் கைக்கு வந்த பின்னரே திருமலையிலிருந்து செஞ்சிவரை ஒரே ஆட்சியின் காவலில் வழி அமைந்தது. கோபணார்யரின் கல்வெட்டு கூறும் பயணத்துக்கு முன்நிபந்தனையாக அமைந்தது விரிஞ்சியில் இறங்கிய பாளையமும் ராஜகம்பீரன் மலையின் வீழ்ச்சியுமே.

அதற்கு முந்திய நிலையையும் எண்ண வேண்டும். 1335-க்குப் பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு, மதுரைச் சுல்தானகத்துக்கும் திருமலைக்கும் இடையில் நின்ற தமிழரசு படைவீட்டரசே. தொண்டைமண்டலம் அவ்வரசின் கையில் இருந்தமையால், அதன் வடக்கே திருவேங்கடமுடையானின் மலை நம்பெருமாளுக்குப் புகலிடமாக நிற்க முடிந்தது. நம்பெருமாள் வடக்கே பாதுகாப்பாக இருந்ததற்குச் சம்புவராயர்களின் இருப்பு ஒரு காரணம். தெற்கே மீண்டதற்கு அவர்களின் வீழ்ச்சி ஒரு காரணம். இருவகையிலும் பயன்பட்ட ஒரு குலத்துக்கு ஸம்ப்ரதாய வரலாறுகளில் நன்றிச் சொல் இல்லை. ஆதிவாஹிகர்கள் தத்தம் எல்லைவரை வந்து விலகுவதைப் போல, அவர்களும் தம் எல்லைவரை காவல் நின்று விலகினர் என்று கொள்வதே நடுநிலையாகும். வழியில் ஒரு காதம் உடன்வந்தவனையும் மறவாமை வைஷ்ணவ லக்ஷணம் அன்றோ.

கோபிநாதன் ஸந்நிதியில் எழுதிய பத்திரம்

விசயநகர ஆட்சியில் இப்பகுதி படைவீட்டு ராஜ்யம் எனப் பெயர்பெற்றது. சக ஆண்டு 1347, கி.பி. 1425-26-க்குரிய வீரபிரதாப தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியிலேயே ஹூல்ட்ஸ் இதனைப் பதிப்பித்தார். படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள், கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய எல்லாரும், எல்லாக் கோத்திரத்தாரும் சூத்திரத்தாரும் சாகையாரும் கூடி, இனி விவாகம் கன்னியாதானமாகவே நடைபெற வேண்டும் என்று முடிவுசெய்தனர். பெண்ணுக்குப் பொன் பெற்றுக் கொடுப்பவரும், பொன் கொடுத்துக் கொள்பவரும் அரச தண்டத்துக்கு உட்பட்டு அந்தணர் கூட்டத்துக்குப் புறம்பாவர் என்பது தீர்ப்பு.

இதில் மூன்று செய்திகள் இங்கே நினைக்கத்தக்கவை. முதலாவது, நான்கு திசையினர் ஒரு சிறு ராஜ்யத்தில் குடியேறி ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்தமை. பெருவழி இல்லாத நாட்டில் இத்தகைய கூட்டம் சேராது. இரண்டாவது, மகளை விலைப்பொருளாக்கும் வழக்கத்தைச் சமூகம் தானே கூடித் தடுத்தமை. வணிகம் பெருகிய வழியில் எல்லாவற்றுக்கும் விலை ஏறும்போது, விலைக்கு ஆகாதது ஒன்று உண்டு என்று அவர்கள் எல்லை வகுத்தனர். மூன்றாவது, அந்தத் தர்மஸ்தாபன ஸமயபத்திரம் எழுதப்பட்டது அர்க்கபுஷ்கரிணி கோபிநாதன் ஸந்நிதியில். அதனைத் தாங்கி நிற்பது மார்க்கபந்துவின் கோயிற்கல். கண்ணன் முன்னிலையில் செய்த உடன்பாட்டுக்குச் சிவாலயம் ஆவணக் காப்பகமாயிற்று.

அவ்வாண்டுகளில் திருவரங்கத்தில் மணவாள மாமுனிகள் (1370-1443) எழுந்தருளியிருந்தார். மீண்டு அமைந்த அரங்கனின் ஸந்நிதியில் அவர் ஈட்டுக் காலக்ஷேபம் ஸாதித்தார். ஸ்ரீவசனபூஷணத்துக்கும் ஆசார்யஹ்ருதயத்துக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்தார். ஸ்ரீபாஷ்யம் கேட்கக் காஞ்சிக்கும் எழுந்தருளினார். மார்க்கபந்து என்னும் நாயனாரின் சொல்லுக்கு இன்று பொருள் அறியக் கிடைப்பது அவ்வுரையால். வழிகள் காடேறிக் கிடந்திருந்தால் மாமுனிகளின் கோஷ்டி கூடுவதற்கு இடம் ஏது? வ்யாக்யான பரம்பரை ஏட்டாலும் நினைவாலும் மட்டும் காக்கப்பட்டதன்று. காவலுள்ள வழிகளாலும் காக்கப்பட்டது.

உரைப்போரின் எல்லை

பதினாறாம் நூற்றாண்டில் வேலூரின் சின்ன பொம்ம நாயக்கர் ஆதரவில் விளங்கிய அப்பய்ய தீக்ஷிதர், விரிஞ்சிபுரத்து இறைவன்மேல் மார்க்கபந்து ஸ்தோத்ரம் இயற்றினார். அடையபலத்தில் உள்ள 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவர் பெற்ற சிறப்புகளைக் கூறுகிறது. சிவபாரம்யத்தை நிலைநாட்டிய அவருக்கும், தேசிகனின் சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் உரை கண்ட சோளசிம்ஹபுரம் தொட்டையாசார்யருக்கும் கருத்துப் போர் உண்டு. ஆயினும் தேசிகனின் யாதவாப்யுதய காவியத்துக்கு வ்யாக்யானம் எழுதியவரும் அதே தீக்ஷிதரே. கண்ணனின் வரலாற்றைப் பாடிய கவிதார்க்கிகஸிம்ஹத்தின் சொல்நயத்தை, மார்க்கபந்துவின் அடியவர் உளங்கனிந்து விளக்கினார். கொள்கையில் பிரிந்த இருவர் உரையில் உடன்செல்ல முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இடிபாடுகளிடையே அமர்ந்த பெருமான்

படைவீட்டில் மீட்கப்பட்ட ஸந்நிதிகளுள் யோகராமசந்த்ரன் ஸந்நிதி தனிச் சிறப்புடையது. இங்கே சக்ரவர்த்தித் திருமகன் வில்லும் அம்பும் இன்றி, யோக நிலையில் அமர்ந்து, திருக்கையில் ஞானமுத்திரை கொண்டிருக்கிறான். எதிரே சிறிய திருவடி ஏட்டுச்சுவடியை விரித்து வாசித்திருக்கிறார். அனுமனுக்கு ராமபிரான் உபநிடதங்களை உபதேசிப்பதாக முக்திகோபநிஷத்து கூறும் நிலையை இத்திருக்கோலம் காட்டுகிறது.

படைவீடு என்ற பெயருக்குப் படை தங்கும் இடம் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய நகரில் படைகள் வந்தன, கோட்டை வீழ்ந்தது, அரசகுலம் மறைந்தது, மதில்கள் மண்ணாயின. பெருவழியின் வணிகமும் வேறு ஊர்களுக்குச் சென்றது. எஞ்சியவர்கள் ஏடு வாசிக்கும் சீடனும் பொருள் உரைக்கும் ஆசானுமே. கோயிலுக்குக் கூரை இல்லாத காலத்திலும் அவ்வாசிப்பு நின்றதாக அத்திருக்கோலம் காட்டவில்லை.